அம்மை குத்தியதும் வீங்கிய முழங்கால்

வைசூரி பயம் வந்த வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் அம்மை குத்தினார்கள். குத்துகிறவர் பெரியவர்களை முதலில் முடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போனார். என் கையில் குத்தின இடம் கொப்பளித்துப் பொருக்குக் கட்டியது. பத்தாம் நாள் இரண்டு முழங்கால்களும் வீங்கின. தொட்டால் சூடு. கொழுந்து பறிக்க மலை ஏற முடியாமல் படுத்துவிட்டேன்.

லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் வந்து பார்த்தார்கள். மாரியம்மாவைச் சீண்டினால் சும்மா விடுவாளா என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி என் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, தன் இரண்டு பெண்களுக்கும் குத்த விடமாட்டேன் என்றாள். எனக்கு எரிச்சல். எனக்கும் ஒன்றரை வயதில் மகன் இருந்தான். அவனை என்ன செய்வது?

வீட்டுக்காரர் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். மழையில் நிற்பதால் வந்த வாதம் என்று டாக்டர் ஐயா நிமிராமலே எழுதினார்.

"பதிமூணு வருசமா மழையில நிக்கிறேங்க. அப்பெல்லாம் வீங்காதது இப்ப குத்துனதும் ஏன் வீங்குது?"

பேனாவை வைத்தார். பொருக்கைப் பார்த்தார், நாள் கணக்குக் கேட்டார், கணுக்கால்வரை அழுத்திப் பார்த்தார்.

"குத்துனதால இருக்கலாம். ரொம்ப அபூர்வம். நிச்சயமா எனக்குத் தெரியாது. தானா வடிஞ்சிரும்னு நினைக்கிறேன்."

அந்தத் தோட்டத்தில் தெரியாது என்று சொன்ன முதல் உத்தியோகத்தர் அவர். அதனாலேயே நம்பினேன். கையில் குத்தினது காலுக்கு எப்படிப் போனது, ஏன் எனக்கு மட்டும் என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மூட்டு வலிக்கிறதா என்று விசாரித்தேன். அரிப்பு, காய்ச்சல் என்றார்கள். மூட்டு வலி யாருக்கும் இல்லை.

மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. வைசூரி அப்படி வடிவதில்லை. அதில் கண் போனவளை எனக்குத் தெரியும். குத்துகிறவர் வந்ததும் மகனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"பட்டும் திருந்தலையே நீ" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"வீங்குனது எனக்கு. நீ ஏன் நொண்டுற?"

அதன்பிறகு தினமும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் மகனின் முழங்கால்களை அமுக்கிப் பார்த்தேன். அவளும் வந்து அமுக்கினாள். பன்னிரண்டாம் நாள் அவன் அவளை உதைத்துவிட்டு ஓடினான். குத்துகிறவர் அப்போது தோட்டத்தின் அடுத்த டிவிசனில் இருந்தார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறாள். அவர்கள் கையில் பொருக்கைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளின் முழங்காலைத் தொடப் போனேன்.

"நல்லாத்தான் இருக்காளுக. நீ உன் வேலையப் பாரு."