கஜபதியின் சோத்துக்கைக் காப்பு

கஜபதி என் அண்ணன் சின்னசாமியின் மகன். என் மகள் அனுசுயாவைக் கட்டியவன். அண்ணன் மகன், மருமகன் என்று இரண்டு உறவு இருப்பதால் அவனைத் திட்ட எனக்கு இரண்டு பங்கு உரிமை உண்டு. அதில் ஒரு பங்கையும் நான் வீணாக்கியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். தகட்டை வைத்து அடிக்கிற பெரிய மெஷின். அந்த வேலையில் வயசைக் கழித்தவர்களின் கையைப் பார்த்தால் ஒரு விரலாவது குட்டையாக இருக்கும். இவனுக்குப் பத்தும் முழுசு. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் அதை விரித்துக் காட்டுவான். கம்பெனியை மூடிவிட்டார்கள். நாலு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பேட்டரி டிரில் வாங்கிக்கொண்டு, ஸ்கிரீன் கம்பி, சாமி ஷெல்ஃப், தண்ணி ஃபில்டர் எல்லாம் சுவரில் மாட்டித் தருகிற வேலைக்குக் கிளம்பினான். வேலப்பன்சாவடி வரைக்கும் புதுப்புது பிளாட்டு முளைக்கிறது, கூப்பிடுகிறவர்களுக்குக் குறைவில்லை. நல்ல மனசுக்காரன், பொய் பேசமாட்டான், சொன்ன நேரத்துக்குப் போவான். சொல் பேச்சுதான் கேட்கமாட்டான்.

அந்த டிரில் மெஷினின் கழுத்தில் நம்பர் போட்ட வளையம் ஒன்று இருக்கிறது. வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். சின்ன ஸ்க்ரூவுக்குச் சின்ன நம்பர், அளவுக்கு மேல் இறுகினால் மெஷின் கடகடவென்று தானே விட்டுவிடும் என்று கடைக்காரர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வளையத்தின் கடைசியில் இருக்கிற, ஓட்டை போடுவதற்கான படத்தில் வைத்தால் மட்டும் விடவே விடாதாம். அதை நான்தான் கேட்டேன். இவன் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான்.

"ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி தான் அத்தே. ஃபுல்லுல வச்சா தான் வேலை நடக்கும்" என்பான். வளையம் எப்போதும் அந்தக் கடைசிப் படத்திலேயே நிற்கும். அவன் முடுக்கிய ஸ்க்ரூவில் பாதி, தலை மழுங்கி, போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நிற்கும்.

போன வருஷம் அனுசுயாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவள் பிழைத்து வந்தால் ஆடியில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிழைத்து வந்தாள். ஆடியில் இவனும் மேனாம்பேட்டு அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டான். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு, வலது மணிக்கட்டில். தீ மிதிக்கும் வரை அது அவிழக் கூடாது, அறுந்தால் மிதிக்கவும் கூடாது. அறுந்தால் கட்டி திரும்பி வந்துவிடும் என்று இவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு பயந்தான். சாமி அப்படியெல்லாம் கணக்குப் போடாது என்றேன். யார் கேட்டார்கள்?

இதில் ஒரு சங்கடம், இவன் பீச்சாங்கைக்காரன். சாப்பாடு மட்டும் சோத்துக்கையில். மற்ற வேலையெல்லாம் இடது கைதான். டிரில்லை இடது கையில் பிடிப்பான். காப்புக் கட்டிய கை, துளை போடுகிற பிட் கம்பிக்குப் பக்கத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், கிழங்கு ஊஞ்சலாடும்.

என் வீட்டு அடுப்படி அலமாரிக் கதவு தொங்கிப்போய் என் மண்டையில் இடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய அனுசுயாவோடு வந்தான். உள்ளே ஒரு துண்டு ரீப்பர் கட்டை வைக்க வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து, கட்டையைத் தொடைமேல் வைத்துத் துளை போட ஆரம்பித்தான்.

"டேய், கட்டையைக் கீழ வச்சி காலால மிதிச்சிக்கடா. தொடையில இன்னாடா வேலை?"

"பிரஸ்ஸையே பாத்தவன் அத்தே நான். இது பொம்மை."

"அந்தக் கயித்து மேல கர்ச்சீப்பாவது சுத்திக்க."

"காப்பை மூடக் கூடாது."

"எந்த சாமிடா சொல்லிச்சு?"

"பேஜார் பண்ணாதே அத்தே. போய் டீ போடு."

பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. கத்தினான். திரும்பிப் பார்த்தால் கயிறு பிட்டில் சுற்றிக்கொண்டு, கிழங்கு தடதடவென்று அடித்துக்கொண்டு, கையை மெஷின் இழுத்துக்கொண்டிருக்கிறது. பயத்தில் சுவிட்சை விடுவதற்குப் பதில் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. மெஷின் நிற்கவில்லை. வயரே இல்லாத மெஷினுக்கு மெயினை அணைத்த என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

"விரலை எடுடா!"

எடுத்தான், நின்றது. ஆனால் மணிக்கட்டு பிட்டோடு ஒட்டிக்கிடந்தது. கயிறு சதையில் புதைந்து, விரலெல்லாம் கருநீலமாக ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த அனுசுயா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டும்மா!" என்றேன்.

"கிட்ட வந்தீன்னா தெரியும். வெட்டக் கூடாது" என்றான்.

"கை போய்டும்யா!"

"போவட்டும். உனக்காகக் கட்டினது."

"எனக்காகத் தானே கட்டினே? நானே சொல்றேன், அறுத்துக்கலாம்."

"நீ சொன்னா ஆயிடுமா? ஆத்தா சொல்லணும்."

அவள் அழுகிறாள், இவன் பல்லைக் கடிக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் அறைந்திருப்பேன். கத்தரிக்கோலைப் பிடுங்கி அடுப்பு மேடையில் வைத்தேன்.

"முதல்ல பேட்டரியைக் கழட்டு. எவ கையாவது சுவிட்சுல பட்டா இன்னொரு சுத்து சுத்திக்கும்."

அனுசுயா அடியில் இரண்டு பக்கமும் அமுக்கி இழுத்தாள், கழன்று வந்தது. நான் முட்டியை மடக்கி எதிரே உட்கார்ந்தேன். கயிற்றை இழுக்கவில்லை, அந்த மெஷினையே தூக்கிப் பிடித்து முழுசாக ஒரு திருப்பு திருப்பினேன். "அய்யோ!" என்று அலறினான். தப்பான பக்கம்.

"இந்தப் பக்கம் அத்தே, இந்தப் பக்கம்!"

"இப்போ மட்டும் வாய் வருது பாரு."

மறுபக்கம் திருப்பினேன். ஒரு சுற்று தளர்ந்தது. இன்னொன்று. கிழங்கு உடைந்து மஞ்சள் தூளாக உதிர்ந்தது. கடைசிச் சுற்று வந்ததும் கையை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தான். தலையில் ஒரு குட்டு வைத்து, நானே மெல்லப் பிரித்தெடுத்தேன். விரலுக்கு ரத்தம் திரும்பியது. அவன் விரலைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தான்.

"அறுந்துடுச்சா அத்தே?"

கிரீஸ் பட்டுக் கறுப்பாக, பிசிர் பிசிராகக் கிடந்தது. விளக்குப் பக்கம் பிடித்துப் பார்க்கலாமென்றால், மெயினை நானே அணைத்து வைத்திருந்தேன். ஜன்னல் ஓரம் இழுத்துப்போய்ப் பார்த்தேன்.

"ரெண்டு இழை போய்டுச்சு. ஒண்ணு கீது."

அப்போதுதான் அழுதான். பத்து விரலையும் விரித்துக் காட்டுகிற ஆள், முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பேட்டரியை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். கஸ்டமர் கூப்பிடுகிறார் என்றான், கெஞ்சினான், அனுசுயாவை விட்டுப் பேச வைத்தான். தீ மிதித்து முடிக்கிற வரைக்கும் கிடையாது என்றேன். அலமாரிக் கதவு என் மண்டையில் இடித்தால் இடிக்கட்டும்.

அந்த ஒரு இழையோடுதான் தீ மிதித்தான். தீக்குழியின் இந்தக் கரையில் அனுசுயா கும்பிட்டபடி நின்றாள். அந்தக் கரையில் ஏறி, மணிக்கட்டைத் தூக்கி அவளுக்குக் காட்டினான். அவள் சிரித்துவிட்டாள். என் வயிற்றில் அன்றைக்குத்தான் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கறுத்த கயிறு என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஆத்தா காப்பாற்றினாள் என்று சொல்லியிருக்கிறான். சரி, காப்பாற்றினாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றச் சொன்னது யார் என்பதை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கூழ் ஊற்றுகிற இடத்தில் பக்கத்துத் தெரு அன்னம்மாள், அவன் என் மருமகன் என்று தெரியாமல் என்னிடமே வந்து, இடித்துக்கொண்டு உட்கார்ந்து கதை சொன்னாள்.

"தெரியுமாக்கா உனக்கு? அந்த கஜபதிக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சாம். ஆத்தாவே ஒரு கெழவி மாதிரி வந்து உக்காந்து, சுத்தினதைப் பிரிச்சி உட்டாளாம்!"

"அந்தக் கெழவிக்கு முட்டி வலிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றேன்.