அந்தரத்தில் நின்றவன்

பழைய டிவி கேம் எது கைக்கு வந்தாலும் முதலில் அடாப்டரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறியிருந்தால் உடனே பிடுங்கிவிடுவேன். பின்னறை அலமாரி முழுக்க இந்தப் பெட்டிகள்தான். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியவை, வீடு காலி செய்தவர்கள் தூக்கிப்போடப் போனவை. உப்பிப்போன கெப்பாசிட்டரை மாற்றி, களிம்பேறிய பின்களைத் துடைத்து, படம் வந்ததும் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்து வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேசவும் கூச்சம். பெட்டிகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இப்படி ஒரு பெட்டிக்கு என் அம்மா வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஸ்ரீரங்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடியிருந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பார்க்க முழு டைப்ரைட்டர் மாதிரி எழுத்துகள், மேலே மஞ்சள் கேசட் செருக ஒரு வாய், பக்கத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக். "விளையாட்டுச் சாமான்னு நெனச்சுடாதீங்க மச்சான். இது கம்ப்யூட்டர்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் அவர். ஆபீசர் வீடுகளில்கூட இல்லாதது தன் வீட்டில் இருக்கிறது என்று கம்பெனி பஸ்ஸில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னார். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தரகரிடம், "பொண்ணு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது.

அக்காவுக்கு அதில் தெரிந்தது ஒரே ஓர் ஆட்டம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன் ஓடிக்கொண்டே இருப்பான். வழியில் பள்ளங்கள் வரும். சரியான இடத்தில் பட்டனை அமுக்கினால் தாண்டுவான், பிசகினால் விழுவான். நான் மூன்றாவது கட்டத்தைத் தாண்டியதே இல்லை. அக்கா கடைசிக் கட்டம் வரைக்கும் போவாள். ஆனால் பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஓடவேண்டும். இந்தக் காலத்தில் மாதிரி விட்ட இடத்தைச் சேமித்துவைக்கிற வசதி அதில் கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் நடுவில் இருக்கும் பட்டனை அமுக்கினால் படம் அப்படியே உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

டிவியில் படம் ஆடினால் சரிசெய்து கொடுக்கக் கேபிள் கடை அண்ணன் வருவார். படம் நன்றாகத் தெரிந்த நாட்களிலும் வந்தார். நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முசிறியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் மதியம் அம்மா பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கடைசிக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெரிய பள்ளம் ஒன்று வந்தது. அக்கா குதித்தாள். குதித்த வேகத்திலேயே நடுப்பட்டனையும் அமுக்கிவிட்டாள். மனிதன் பள்ளத்துக்கு மேலே, காலை விரித்தபடி, அந்தரத்தில் நின்றான்.

"கடைக்குப் போயிட்டு வந்துடறேன்டா. யாரு வந்தாலும் ஆஃப் பண்ண விடாத. இங்கயே உக்காந்திரு."

டிவியை மட்டும் அணைத்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கடைக்குப் போக எதற்குக் கைப்பை என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் விட்டுப் போகிறாளே என்று பெருமையாக இருந்தது. அம்மா கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை.

இருட்டியும் அக்கா வரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்து தேடப் போனார். அக்கா டவுனுக்குப் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்ததாக எதிர்வீட்டு அத்தை வந்து சொன்னாள். கேபிள் கடையும் பூட்டிக் கிடந்தது. அதைச் சொல்லும்போது அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்பா திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் நல்ல செய்தி சொல்வதாக நினைத்து, "அக்கா வந்துடும்ப்பா, ஆட்டத்த நிறுத்தி வச்சுட்டுத்தான் போயிருக்கு" என்றேன். அப்பா பெட்டியைப் பார்த்தார். சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சுக்கூடப் பேசாதவள்.

"அணைக்காதீங்க. வரேன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா."

"பொம்மைக்குக் காவல் இருக்கப் போறியா?"

"இருக்கேன்."

அப்பா கையை விடுவித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

முசிறிக்காரர்களிடம் வரவேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அவர்கள் ஊரில் போன் வைத்திருந்தவர் யார் என்றும் தெரியாது. எதிர்வீட்டு அத்தைதான் யோசனை சொன்னாள். "பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லிடுங்க. ஒருத்தரும் உள்ள கால் வைக்க மாட்டாங்க." அவளே விடிந்ததும் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினாள். மிச்சத்தைக் கொத்தாகக் கூடத்தில் போட்டாள்.

அவர்கள் வேன் வைத்துக்கொண்டு, பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். அப்பா வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மை என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயம் உள்ளறையில் அடாப்டர் கொதித்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் எரிந்தது அல்லவா. தொட்டால் கை சுட்டது. பிளாஸ்டிக் வாடை வர ஆரம்பித்தது. கருகிப்போனால் ஆட்டம் போய்விடும் என்று நான் அம்மாவிடம் அழுதேன். அம்மா கூடத்தில் கிடந்த வேப்பிலைக் கொத்தை எடுத்துவந்து, பெட்டியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றபடியே பாதி சாத்திய உள்ளறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். கலைந்த தலையோடு ஒரு தாய் கீழே குனிந்து வேப்பிலையால் மெல்ல விசிறுவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். எதற்கு விசிறுகிறாள் என்பது கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, கொழந்தைய எறங்கி வந்து காப்பாத்து. தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் சொல்லி அனுப்புங்க" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் வேனில் ஏறினாள்.

அவர்கள் போன பிறகும் அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் டிவியைப் போடச் சொன்னாள். போட்டேன். மனிதன் பள்ளத்துக்கு மேலே அப்படியேதான் நின்றான். அம்மா கிட்டே போய், புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இவன் உளுந்துருவானாடா, தாண்டிருவானா?"

"பட்டன அமுக்கினாத்தான் தெரியும்."

"நாம எதாச்சும் பண்ணி தாண்ட வைக்க முடியாதா?"

"குதிக்கிறதுக்கு முன்னாடின்னா முடியும்மா. குதிச்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அது எப்படிக் குதிச்சுதோ அப்படித்தான்."

ஆட்டத்தைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்விகள் இவை. எனக்குச் சொல்லிக்கொடுக்க உற்சாகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சித்தப்பா வந்தார். அக்காவும் கேபிள் கடை அண்ணனும் எடமலைப்பட்டி புதூரில் அந்த அண்ணனுடைய பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள், தாலி கட்டியாகிவிட்டது என்றார். அப்பா எழுந்து சட்டை மாட்டினார். "எனக்கு ஒரு பிள்ளதான்" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஒரே பிள்ளையானதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது என்றுகூடச் சொல்லலாம். அக்கா வந்ததும் அது மாறிவிடும் என்றும் நினைத்தேன்.

சித்தப்பா போனதும் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டிவியைப் போட்டாள். "எந்தப் பட்டன்டா?" என்றாள்.

அக்கா வந்துதான் அமுக்க வேண்டும் என்று ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடுவில் இருந்த பட்டனைத் தானே பார்த்து அமுக்கினாள்.

இரண்டு நாள் நின்றிருந்த ஆட்டத்தின் பாட்டு சட்டென்று கேட்டது. மனிதன் கீழே இறங்கினான், இறங்கினான். அந்தக் கரையின் ஓரத்தில், குதிகால் வெளியே நிற்க, கால் பதித்து நின்றான்.

"தாண்டிட்டான்" என்றாள் அம்மா. சத்தம் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

உடனே எட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

திரையில் இரைச்சலும் வெள்ளைப் புள்ளிகளும் வந்தன. கடைசிக் கட்டம் போயிற்று. இவ்வளவு நேரம் காத்தது போயிற்று. நான் அம்மாவை முதுகில் அடித்தேன். ஒரு பள்ளம்தான் தாண்டியது, அதற்கப்புறம் இன்னும் பெரிய பெரிய பள்ளமெல்லாம் இருக்கிறது என்று கத்தி அழுதேன்.

அம்மா வாசலுக்குப் போய், செருகியிருந்த வேப்பிலையை உருவி எறிந்தாள். கொல்லைப்புறத்தில் கை கழுவினாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்டா" என்றாள், பிசைந்துகொண்டே. "அதெல்லாம் அவ பாத்துக்குவா."

அணைத்துப்போட்ட ஆட்டத்தை அக்கா எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால்தான் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.