ஏரிக்குத் தண்ணீர் வந்த வழி

இதை எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி ஓட்ட வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சூளகிரிப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டி ஒரு கம்பெனிக்கு நிலம் லெவல் செய்யும் வேலை. முனீஸ்வரனுக்குச் சூடம் காட்டாமல் நான் வண்டிக்குச் சாவி போட்டதில்லை. அன்றும் காட்டினேன். நடுவில் கிடந்த பள்ளத்தை மூடச் சொன்னார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது மாட்டுவண்டித் தடம் போலத்தான் தெரியும். வருஷத்தில் நாலைந்து நாள்தான் அதில் தண்ணீர் ஓடும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரத்னக்கா, வண்டியின் மண் அள்ளும் பக்கெட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நிறுத்துடா மாதேசு. இது ஏரிக்குத் தண்ணி வர்ற வழி."

சூப்பர்வைசர் மதுரைக்காரர். பேப்பரை விரித்தார். "மேப்புல பாதைன்னுதானக்கா இருக்கு. தண்ணி எங்கிட்டு இருந்து வரும், ஆகாசத்துல இருந்தா?"

"பின்ன, உன் பேப்பர்ல இருந்தா வரும்?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். என்னிடம் திரும்பி, "உங்க ஊருதானண்ணே, நீங்க சொல்லுங்க. நெசம்னா ஆபீஸ்ல பேசி அடியில குழாய் போட்டுருவோம்" என்றார்.

வேலை நின்றால் என் வண்டியை அனுப்பிவிடுவார்களோ என்று பயம். புரட்டாசியில் ஊரே கூடி அந்தக் கால்வாயைத் தூர் வாரும். அப்பாவோடு நானும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "உனுக்குத் தெரியாதாப்பா? சரி, ஓட்டு." ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் மூடிவிட்டேன்.

அடுத்த மழை காம்பவுண்டு ஓரமாக ஹைவேக்கு ஓடியது. ஏரி நிறையவில்லை. அதற்கடுத்த வருஷமும் நிறையவில்லை. கிணறு வற்றியது, போர் காற்று வாங்கியது. கொத்தமல்லியும் தக்காளியும் போட்டவர்கள் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு ஓசூருக்கு வேலைக்குப் போனார்கள். ரத்னக்கா ஆடுகளை விற்றுவிட்டு அங்கே மகன் வீட்டுக்குப் போனார். அங்கேயே இறந்தும் போனார். ஒரு நாளும் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் மாரியம்மன் முன்னால் நிற்கிறேன். மழை கொடு தாயே என்று கேட்க வாய் வருவதில்லை. அவள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வழியை மூடியவன் நான்.

பிள்ளைகளே, பக்கெட்டை இறக்குமுன் வண்டியை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் எப்படிப் போகும் என்று ஊர்க்காரர்களைக் கேளுங்கள். உங்களுக்கே தெரிந்திருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

எனக்கு நினைவிருக்கிற வழி இது: முனீஸ்வரன் பாறையில் தொடங்கும். இப்போது கம்பெனி கேன்டீன் இருக்கும் இடத்துக்கு அடியில் போகும். ஏரியின் வடக்கு மூலையில் சேரும். நடுவில் இரண்டு வளைவு உண்டு. எந்த இடம் என்று ரத்னக்கா சொல்லியிருப்பார். இப்போது நிஜமாகவே எனக்குத் தெரியாது.

இதை அடுத்தவருக்கு அனுப்புகிறவர்கள் அப்படியே அனுப்புங்கள். திசையை மாற்றாதீர்கள். அன்று நான் சூப்பர்வைசரிடம் சொன்ன பதிலையும் எடுத்துவிடாதீர்கள்.