சவரிமுத்து திருத்திய சொல்

போன வாரம் திருச்சியில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்தார். ஆவூரிலிருந்து சவரிமுத்துவின் மகள் மரியம்மாள் எழுதியிருந்தாள். அப்பா வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார், நாலு நாள் காய்ச்சல், அடக்கம் முடிந்துவிட்டது என்று மூன்றே வரி. சமஸ்தானக் காலத்தில் புதுக்கோட்டைக் கோர்ட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இன்று ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சவரிமுத்து மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. நான் நகல் பிரிவு. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பாதிரியாராகப் படிக்கப் போய், நாலு வருஷத்தில் மனம் மாறித் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டவர். அங்கே கற்ற லத்தீன் மட்டும் அவரை விடவில்லை. ஏதாவது இங்கிலீஷ் சொல் சிக்கலாக வந்தால், "இதப் பெத்தது யாருன்னு பாப்போம்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

ஒருநாள் எங்கள் சேவகர் வந்து, "இன்னைக்கு இஷ்யூ எத்தனைங்க?" என்று கேட்டார். கொடுக்க வேண்டிய நகல்களைத்தான் கேட்டார். அதே நேரம் பக்கத்து மேஜைக்காரர் வாரப் பத்திரிகையின் புது இஷ்யூவைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே நீதிபதி ஒரு வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தார். அவற்றுக்கும் பெயர் இஷ்யூதான். சவரிமுத்து சிரித்துவிட்டார். "எல்லாம் ஒண்ணுதாய்யா. லத்தீன்ல வெளிய போறதுன்னு அர்த்தம். நகல் ஆபீஸ விட்டு வெளிய போகுது, பத்திரிகை அச்ச விட்டு வெளிய வருது. வழக்குல ரெண்டு பேரும் மறைச்சது வெளிய வருது!"

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், கீரமங்கலத்திலிருந்து காளியம்மாள் என்ற பெண் தன் எட்டு வயது மகள் செல்லத்தோடு வந்தாள். கணவன் இறந்து ஆறு மாதம். மாமனார் பினாங்கில் சம்பாதித்து வாங்கிய தோட்டத்தைக் கணவனின் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். பினாங்கு வக்கீல் இங்கிலீஷில் எழுதிய மாமனாரின் உயிலில் அப்படித்தான் இருக்கிறதாம். மகன் ஆண் சந்ததி இல்லாமல் இறந்தால் தோட்டம் பங்காளிகளுக்கு என்று தமிழ் நகல் சொன்னது.

"அதுல வேற ஏதாச்சும் எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்கய்யா. தோட்டத்துக் கெணத்துல தண்ணி எடுக்கக்கூட விட மாட்டேங்குறாக" என்றாள்.

நகலின் அடியில் மொழிபெயர்த்தவரின் கையெழுத்து இருந்தது. சவரிமுத்துவுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் போட்டது. பழைய காகிதக் கட்டிலிருந்து இங்கிலீஷ் மூலத்தை எடுத்துப் பார்த்தார். 'இஷ்யூ இல்லாமல்', அதாவது சந்ததி இல்லாமல், என்று மட்டுமே இருந்தது. ஆண் என்ற சொல் எங்கும் இல்லை.

அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "வேலை போயிரும்யா. கட்ட மூடி வச்சுரு."

"அந்தப் புள்ள நாளைக்கு இங்கிலீஷ் படிச்சுட்டு வந்து கேட்டா, நீ பதில் சொல்லுவியா?" என்றார். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு நேரே நீதிபதியின் அறைக்குள் போனார்.

காளியம்மாள் வழக்குப் போட்டாள். சாட்சிக் கூண்டில் சவரிமுத்து. கூட வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கேட்டோம். பங்காளிகளின் வக்கீல் கெட்டிக்காரர்.

"அன்னைக்குத் தப்பா எழுதுன நீர் இன்னைக்குச் சரியாச் சொல்றீர்னு எப்படி நம்புறது?"

"என்னைய நம்ப வேண்டாங்க. மூலம் ஒங்க கையில இருக்கு. ஆணுங்கிற சொல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க. வயித்துலருந்து வெளிய வந்த புள்ளை எல்லாம் இஷ்யூதாங்க."

"அப்ப ஏன் ஆண் சந்ததின்னு எழுதினீர்?"

சவரிமுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "எங்க வீட்டுல வாரிசுன்னா ஆம்பளப் புள்ளைதாங்க. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அந்தப் பழக்கத்துல கை எழுதிருச்சு. அந்தச் சொல்லு அப்படிச் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அப்போது அவருடைய மகள் மரியம்மாள் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தீர்ப்பு செல்லத்தின் பக்கம் வந்தது. சவரிமுத்துவுக்கு வேலை போகவில்லை. எழுத்து மூலம் கண்டனம் வந்தது. அடுத்த வருஷம் அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமைக் குமாஸ்தா பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அறுவடை முடிந்து காளியம்மாள் ஒரு மூட்டை நிலக்கடலையைக் கோர்ட் வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். அவர் கூச்சத்தோடு கையெடுத்துக் கும்பிட்டார். "ஒம் மகளுக்கு இல்லாமப் பண்ணினவனே நாந்தான் ஆத்தா. எனக்கு எதுக்கு? கொண்டு போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் அறிவாளி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அவருடைய லத்தீன் ஒட்டவில்லை. இன்றைக்கும் ஒரு சொல்லின் வேர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் திருச்சி ஆபீசில் மொழிபெயர்ப்பும் என் வேலைதான். போன மாதம் நான் எழுதி அனுப்பிய ஒரு மொழிபெயர்ப்பில், மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை நானாகச் சேர்த்திருந்ததைக் கண்டேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. மாடியேறி அதிகாரியிடம் போய், "தப்பு என்னுதுங்க" என்றேன். படியேறும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினேன். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.