வெளியே போகாத மேசை

நாலு பேர் பிடித்தும் அந்தத் தச்சு மேசை அறை வாசலைத் தாண்டவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், கடைசியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். அவர்களைக் கூட்டிவந்த என் அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அத்தான் மட்டும் மடித்துக் கட்டிய சாரத்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் பரந்தன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டு, வட்டக்கச்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். குளத்துப் பாசனக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவர்கள், ஓலைக் கொட்டிலில் இருந்தபடியே கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மூன்றாவது அறை யாருக்கு என்பதுதான் வழக்கு. அக்காவுக்குச் சாமியறை வேண்டும். அத்தானுக்குத் தச்சு வேலைக்கு இடம் வேண்டும். வயலைவிட மரத்தில்தான் அவருக்கு உயிர்.

மரம் இழைக்கும் சீவுளியை மரத்தின்மேல் தள்ளித் தள்ளி முதுகு நொந்தவர், அதைக் கவிழ்த்து மேசைக்குள் பொருத்தினால் என்ன என்று யோசித்தார். மேசைப் பலகையில் வெட்டிய துவாரத்தால் அலகு மட்டும் தலைநீட்டும். மரத்தை அதன்மேல் தள்ளினால் ஓரத்தில் கதவு பொருந்துகிற பள்ளமாகக் காடி விழும்.

"உலக்கையை நட்டுவைச்சு உரலாலை இடிக்கிறமாதிரியெல்லோ இருக்கு" என்றார் அக்கா.

ஆனால் காடி என்னவோ அழகாகத்தான் விழுந்தது. பாலை மரத்தில், இரும்பாணி ஒன்றும் இல்லாமல், மரஆணி அடித்தே அந்த மேசையைச் செய்தார். கதவு நிலை வைக்காமல் அகலத் திறந்து கிடந்த அந்த மூன்றாவது அறைக்குள் இருந்துதான் செய்தார். அந்த மேசையில் செய்த முதல் நிலையை அதே அறைக்கு, நல்ல நாள் பார்த்து, பால் தெளித்து வைத்தார்கள். மேசை நிலையைவிட அகலம். தெரிந்தே செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

"வைச்ச நிலையைப் பேர்க்கக் கூடாது. மேசை ஆனை வந்தாலும் கழராது. நான் என்னப்பா செய்ய?" என்றார் அத்தான்.

அக்கா அன்று அழுதார். எனக்கு அத்தான்மேல் பொல்லாத கோபம் வந்தது.

புதுவீடு குடிபூரலன்று விடிய அக்கா முழுகிவிட்டு வந்து, மேசையைக் கழுவினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஒரு பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையாரையும் முருகனையும் ஏற்றிவைத்தார். ஐயர் வந்து அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல பெலமாயிருக்கு" என்று சொல்லிப் பூசையைத் தொடங்கிவிட்டார். பூசை நடந்த பிறகு சாமியை இறக்க யாருக்குத் துணிவு வரும்? அத்தானின் சிரிப்பைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

"மற்றப் பக்கத்திலை நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ, ஆர் மறிச்சது?" என்றார் அக்கா. "முழுகிப்போட்டு வாங்கோ. மீன் மச்சம் திண்டால் மட்டும் அண்டைக்கு உள்ளுக்கை வராதேங்கோ."

முல்லைத்தீவு மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வயல் வரம்பிலிருந்து ஓடிவருகிற மனிதர் அவர். வீட்டுக்கோ இன்னும் பாதிக் கதவும் யன்னலும் செய்யக் கிடந்தன. மீன் தின்ற நாளில் வேலையை விட்டு, இரண்டு கிழமை சமாளித்துப் பார்த்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் அக்கா சட்டியைத் திறந்து காட்டினார். "பாரைமீன் குழம்பு. விடட்டோ?"

அத்தான் சட்டியைப் பார்த்தார். திரும்பி, சாமியறைக்குள் பாதியில் கிடந்த யன்னல் நிலையைப் பார்த்தார்.

"கத்தரிக்காயைப் போடு" என்றார்.