நெஞ்சில் நின்ற சோறு

முதலில் நின்றது மரவள்ளிக்கிழங்கு. தொண்டையில் அல்ல, அதற்கும் கீழே, நெஞ்சுக்குள். தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. மீன்முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன்.

கடற்கரையில் பிறந்து, மீன் விற்றே பிள்ளைகளை வளர்த்தவள் நான். முள்ளுக்கு எங்களிடம் கைமருந்து உண்டு: சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும். பெரிய வைத்தியச்சி போல வாரக்கணக்கில் அதைச் செய்தேன். கடைசியில் உருண்டையும் நின்றது. பிறகு கஞ்சி மட்டும், அதன்பின் சாயா மட்டும்.

"முள்ளு இத்தன நாளு நிக்குமா ஏட்டி?" என்றார் என் கணவர் சூசை.

"எனக்கா முள்ளு தெரியாது?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

நாகர்கோவிலில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கு (சதைத் துணுக்கைப் பரிசோதிப்பது) அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர், "உணவுக்குழாயில புற்றுநோய்ம்மா" என்றார்.

"அப்போ முள்ளு?"

அவர் சிரிக்கவில்லை. "முள்ளே இல்லம்மா."

கட்டியைச் சுருக்க முதலில் கீமோதெரபியும் (மருந்து ஏற்றுவது) கதிர்வீச்சும். பிறகு உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி, மேலே இழுத்துக் கழுத்தில் இணைப்பார்களாம். எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"வாயால சோறு தின்ன முடியுமா சாரே?"

"முடியும். ஆனா பழைய மாதிரி இருக்காது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் சாப்பிடணும்."

அது போதும் என்று சம்மதித்தேன்.

கதிர்வீச்சு நாட்களில் எச்சில் விழுங்குவதே எரிந்தது. அறுவைக்குப் பின் குடலில் வைத்த குழாய் வழியாகத்தான் ஆகாரம். பக்கத்துப் படுக்கைக்கு வந்த இட்லியின் மணத்துக்கே, வெட்கமில்லாமல் அழுதேன். இணைத்த இடம் ஆறிவிட்டது என்று உறுதியான பிறகு ஒரு கரண்டி தண்ணீர் தந்தார்கள். இறங்கியது. சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

உங்களுக்கும் சோறு நெஞ்சில் நிற்கிறதா? என்னைப்போலக் கைமருந்தில் நாளைக் கடத்தாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

இப்போது தலைமாட்டை உயர்த்தியே படுக்கிறேன். தட்டையாகப் படுத்தால் தின்றது வாய்க்கே திரும்பும். இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிறது. தின்ற சோறு இருதயத்துக்குப் பக்கத்தில் தங்கிப் போகிறது. ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் பயம்தான். மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடித் திரிந்தவளுக்கு, இன்று நேரம் என்றால் அடுத்த வேளைக் கஞ்சி. கடிகாரம் பார்த்துத் தின்கிறேன்.

நேற்று மகள் சாளை மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, பசிக்கா?"

"பசி போச்சு மக்கா. ஆச போவல்ல. கொஞ்சம் போடு."