சஹனில் வைத்த வால்வுகள்

வாப்பா கொழும்புக்குப் போயிருந்த அந்த நாலு நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததை, அவர் கண்மூடும் வரை யாரும் அவரிடம் முழுதாகச் சொன்னதில்லை. பாதியை மாமா சொன்னார். மற்றப் பாதி என்னுடையது. அதை நான் சொல்லவில்லை. எட்டு வயதில் சொல்லப் பயம், பதினெட்டில் சொல்ல வெட்கம், பிறகு சொல்வதற்கு வாப்பா இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து அக்குறணைப் பக்கம் கொஞ்சம் ஏறினால் எங்கள் வீடு. வாப்பா ஊர் ஊராகப் போய் மிளகும் கொக்கோவும் பாக்கும் வாங்கி விற்பவர். அந்த அலைச்சலுக்காகவே, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் பெற்றோல் டாங்கி கரும்பச்சை, ஓரத்தில் பொன்னிறக் கோடு. அதைத் துடைப்பதற்கென்றே வாப்பா தனியாக ஒரு துணி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் முகம் துடைக்கிற துணிகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மாமா உம்மாவின் தம்பி. அவர்களுடைய தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டதால், உம்மா கல்யாணமாகி வரும்போதே பத்து வயதுத் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது அந்தத் தம்பிக்கு இருபது. யாருடைய கடையிலாவது நிற்கவைத்தால் தராசைக் கழற்றிப் பார்ப்பார். சாமான் வாங்கக் கண்டிக்கு அனுப்பினால் ஏதாவதொரு கராஜ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார். வாப்பா அவரை ஒரு நாளும் ஏசியதில்லை. உம்மாவுக்கு அதுதான் பெரிய பாரம். ஏசுகிற மனிதரிடம் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். ஏசாதவரிடம் என்ன சொல்வது?

கொழும்புக்குப் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே வாப்பா சொன்னார்: "நான் வந்ததும் ஒங்கட தம்பிய குருநாகலுக்குக் கூட்டிக்கொண்டு போறேன். நானாட கடைல நிக்கட்டும். அங்கேயே படுக்கவும் எடம் ஈக்கி."

நானா என்றால் வாப்பாவின் அண்ணன். உம்மா தலையை ஆட்டினார். குருநாகல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. மக்காவுக்குப் போனவர்கள் ஹாஜியாராகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். குருநாகலுக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரையும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் என் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற ஒரே பெரிய ஆள் மாமாதான். தெரியாததற்கும் சொல்வார். அவர் இல்லாத வீட்டில் நான் யாரிடம் கேட்பேன்?

அந்த மோட்டார் சைக்கிளுக்கோ ஒரு மாதமாக இளைப்பு. அக்குறணை ஏற்றத்தில் பாதி தூரம் போய்ப் புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றுவிடும். வாப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் அதைக் கடைவீதியில் ஒரு கதையாகவே ஆக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபின் கண்டியில் கொடுத்துச் செய்யலாம் என்று அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாமாவுக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், அதைப் பின்வளவுக்கு உருட்டிக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் நிறுத்தினார்.

"அவங்கட சைக்கிள்ல கை வெக்க ஒனக்கு யாரு செல்லின?" என்று உம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"மச்சான் வாரத்துக்கு முந்திப் பூட்டிருவேன் ராத்தா. கழட்டினவனுக்குப் பூட்டத் தெரியாதா?"

தெரியாமலும் போகலாம் என்பது உம்மாவின் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் தடுக்கவில்லை.

இளைப்பு என்ஜினுக்குள்ளிருக்கிற வால்வில்தான் என்றார் மாமா. அந்த இடத்துக்குக் கை போக வேண்டுமென்றால் முதலில் டாங்கியை இறக்க வேண்டும். மாமா பெற்றோலை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் வடித்தார். குழாயைக் கழற்றினார். டாங்கியின் வயிற்றுக்கடியில் அதை வண்டியோடு இறுக்கியிருக்கும் நாலு திருகுச் சுரைகள். மூன்று சொன்னபடி கேட்டன. நாலாவது அரை மணி நேரம் அடம்பிடித்தது. பிறகு இரண்டு கையாலும் டாங்கியைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வளவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் வைத்தால் பொன்கோடு கீறிப்போகும். கதிரையில் வைத்தால் உருளும். கடைசியில், பிறந்து முப்பத்தைந்து நாளான என் தம்பியின் துணித் தொட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார். பாலூட்டித் தூங்கவைத்த பிள்ளையோடு வந்த உம்மா, தொட்டிலுக்குள் டாங்கி தூங்குவதைப் பார்த்து அப்படியே நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

என்ஜினின் தலையைக் கழற்றியதும் உள்ளே எங்கள் சோற்றுப் பானையின் அடியைப் போல ஒரே கரி. வால்வுகள் இரண்டு. பெற்றோல் காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. மாமா அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கண்டியில் எப்போதோ வாங்கி ஒளித்துவைத்திருந்த மணல் போன்ற ஒரு பசையைப் பூசி, ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைத்து, மோர் கடைவது போல உள்ளங்கைகளுக்கிடையில் மணிக்கணக்காக உருட்டினார். அப்படி உருட்டினால்தான் வால்வு தன் குழியோடு இடைவெளி இல்லாமல் பொருந்துமாம். புதன்கிழமை காலையில் தலையைக் கவிழ்த்துப் பிடித்து, துளைக்குள் பெற்றோல் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டும் கசியவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பெருநாளில்கூடப் பார்த்ததில்லை.

பசையை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும் என்று வால்வுகளை மறுபடி எடுத்தார். கழுவிய சாமான்களைப் பரப்ப அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் சஹனை. விசேஷ நாட்களில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற, ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு அது. விளிம்பு உயரமானதால் ஒன்றும் உருண்டு ஓடாது. அதைவிட இன்னொரு வசதியும் உண்டு. சஹனில் உட்கார்ந்தால் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுப்போம். பக்கத்தில் இருப்பவர் பங்கில் கை வைக்க மாட்டோம். அந்த ஒழுங்கின்படியே மாமா உள்வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் சில்லுகளையும் தொழும் திசையான கிப்லாப் பக்கம் வைத்தார். புகைவால்வின் குடும்பத்தைக் குசினிப் பக்கம் வைத்தார். இரண்டு வால்வும் பார்வைக்கு ஒன்றுபோல. கரியையும் தேய்த்துப் போக்கிவிட்டதால் எது எது என்று சொல்லக்கூடிய அடையாளம் எதுவும் இல்லை. வைத்த இடம்தான் அடையாளம்.

"ஒண்டுலயும் கை வெக்காம பாத்துக்கொண்டு இரி" என்று என்னைக் காவல் வைத்துவிட்டு நடுப்பகல் லுஹர் தொழப் பள்ளிக்குப் போனார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வாப்பாவின் மூத்த சகோதரி, என் மாமி, அக்குறணையிலிருந்து பதினொரு பெண்களோடு வந்திறங்கினார். பிள்ளையின் நாற்பதாம் நாளுக்கு வர வசதிப்படாதாம், அதனால் முன்கூட்டியே பார்க்க வந்தார்களாம். உம்மா அவசர அவசரமாக நெய்ச்சோறு ஆக்கினார். பன்னிரண்டு பேருக்கு இரண்டு சஹன் வேண்டும். எங்களிடம் இருந்ததே இரண்டுதான்.

"புள்ள, மத்த சஹனையும் எடுத்துக்கொண்டு ஓடி வா. ஆக்கள் காத்துக்கொண்டு ஈக்கிறாங்க."

எனக்கு உம்மாவின் அந்தக் குரல் தெரியும். மறுபேச்சுக்கு இடமில்லாத குரல். சாமான்களை ஒரு சுளகில் கொட்டினேன், சஹனைத் துணியால் ஒரு துடை துடைத்தேன், கொடுத்துவிட்டேன். கொட்டிய சத்தம் காதில் விழுந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. சுளகின் நடுவில் இரண்டு வால்வுகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

உள்ளே மாமி முதல் பிடியை வாயில் வைத்துவிட்டு, "நெய் பழசு போல ஈக்கி" என்றார். மண்ணெண்ணெய் மணந்திருக்க வேண்டும். மாமி அதோடு விடவில்லை. "ஒங்கட தம்பி இன்னமும் இங்கதான் சாப்பாடா?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். உம்மா குனிந்து அவர்களுடைய சஹனில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார், அடுப்புச் சூட்டினால் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் சஹனைக் கழுவி, ஓடிப்போய்ச் சாமான்களைப் பழையபடி பரப்பினேன். பழையபடி என்றால், என் மனதுக்குப் பட்டபடி. வாசலில் வண்டியைக் கண்டு பள்ளிக்கே திரும்பியிருந்த மாமா, பிந்தி வந்து பார்த்தார், காவல்காரியைத் தட்டிக்கொடுத்தார். விருந்தாளிகள் மாலை அசர் தொழுகை நேரத்தில்தான் கிளம்பினார்கள், அதனால் வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

வியாழக்கிழமை காலை முழுவதும் மாமா பூட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வுகள் மாறிப் போயிருந்தால் வண்டி பழையபடி இளைக்கும். இளைத்தால் குருநாகல். சொன்னால் மாமா என்னை வெறுத்துவிடுவார், சொல்லாவிட்டால் மாமாவே இருக்க மாட்டார். அவர் கேட்ட சாமானை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலிலிருந்து டாங்கி வந்தது. நாலு சுரையும் ஏறியது. அந்த அடம்பிடித்த நாலாவதை இறுக்கிக்கொண்டே, "மச்சான் வந்ததும் ஏத்தத்துல ஒரு சவாரி போவோம். ஒன்ன டாங்கிக்கு மேல உக்கார வெக்கிறேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமா, சஹன நான் கொட்டிட்டேன்."

"எப்ப?"

"நேத்து. மாமி வந்த நேரம்."

அவர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். வாப்பா அசருக்குப் பிறகு வருகிற ரயிலில் வருவார். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவரோ இறுக்கிய சுரையை மறுபடி இளக்க ஆரம்பித்தார். "டாங்கிட அந்தப் பக்கத்தப் புடி" என்றார். அவ்வளவுதான் அவர் ஏசியது.

இரண்டாவது முறை டாங்கி இறங்கியது. தலை கழன்றது. வால்வைக் குழியில் வைத்துப் பெற்றோல் ஊற்றியதும் மறுபக்கம் மெல்ல நனைந்தது. மற்றதிலும் அப்படியே. நான் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். மாமா இரண்டையும் இடம் மாற்றி மீண்டும் ஊற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. பெற்றோல் கையோடு மாமா என் தலையைத் தடவினார். மூன்று நாளைக்கு அந்த மணம் போகவில்லை. போகக்கூடாது என்று நான் தலை குளிக்கவுமில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, டாங்கியை ஏற்றி, பெற்றோலையும் ஊற்றி முடித்தபோது அசர் பாங்கு சொல்லி வெகு நேரமாகியிருந்தது. மாமா உதைத்தார். சத்தமில்லை. மறுபடி உதைத்தார். பத்துத் தடவை உதைத்திருப்பார். சட்டை முதுகோடு ஒட்டிப் போனது. கதவுக்குப் பின்னால் நின்று எதையோ ஓதிக்கொண்டிருந்த உம்மா, ஓதுவதை நிறுத்திவிட்டு, "அந்த டாங்கிட பைப்பத் தொறந்தியா?" என்றார்.

திறந்திருக்கவில்லை. திறந்து ஓர் உதை. வண்டி பிடித்துக்கொண்டது. பலாமரத்துக் காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. மாமா சிரித்தார், நான் குதித்தேன். திரும்பிப் பார்த்தால், கையில் பையோடு வாப்பா நின்றுகொண்டிருந்தார்.

பையை என்னிடம் கொடுத்தார், வண்டியில் ஏறினார், அக்குறணை ஏற்றத்தை நோக்கி ஓட்டிப் போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எந்த இடத்தில் இளைக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்த இடத்தைச் சத்தம் சீராகக் கடந்து மேலே போனது. மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

வாப்பா திரும்பி வந்து இறங்கினார். "யாரு இதக் கழட்டின?"

"நான்தான் மச்சான்."

"யாரு பூட்டின?"

"அதுவும் நான்தான்."

வாப்பா டாங்கியின் பொன்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. "நானாட கடைக்கு வேற ஆளப் பாப்போம். திங்கக்கெழம என்னோட கண்டிக்கு வா. எனக்குத் தெரிஞ்ச கராஜ்காரர் ஒருத்தர் ஈக்கிறார், வேலைக்குச் சேத்துக்கொள்ளச் செல்லுறேன்" என்றார். பிறகு உம்மாவைப் பார்த்து, "ஒங்கட தம்பிட கையில வேல ஈக்கி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. கண்டி என்றால் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், பெருநாள் துணி வாங்குகிற கண்டி. காலையில் போய் மாலையில் வரலாம். குருநாகல் இல்லை. இதைச் சொல்லி உம்மாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று குசினிக்குள் ஓடினேன். உம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"மாமா குருநாகலுக்குப் போகல்ல உம்மா. அழாதீங்க" என்றேன்.

"அதுக்குத்தான் புள்ள அழுறேன்" என்றார் உம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொந்தத் தம்பி வீட்டை விட்டுப் போகவில்லையே என்று அழுகிற ஒரு ராத்தாவும் உலகத்தில் உண்டா? மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிகிற வரைக்கும் நான் உம்மாவோடு பேசவில்லை.